இன்னார், இன்னாரின் மகன்

டெல்ஸே கார்ஸ்டன்ஸுக்கு உத்தியோகம் உரக்க வாசிப்பது. வட ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்கில் தலைமை ஆலயத்துக்குப் பின்புறம் இருந்த எங்கள் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷம் அதைத்தான் செய்தாள். பட்டம் எதுவும் கிடையாது. அப்பா ஹோல்ம் என்ற மீனவர் குடியிருப்பில் விலாங்கு மீனைப் புகையில் வாட்டி விற்றவர். அவளுடைய கம்பளிச் சட்டையில் கடைசி வரை அந்த வாசனை லேசாக இருந்தது.

பழைய கைப்பிரதியைப் பதிப்பிக்கும்போது ஒருவர் ஏட்டைப் பார்த்து வாசிக்க வேண்டும். இன்னொருவர் பெயர்த்தெழுதிய தாளை வைத்துக்கொண்டு பின்தொடர வேண்டும். எழுத்து, புள்ளி, சுருக்கக்குறி, அடித்தல் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். வாக்கியம் முடிந்ததும் பின்தொடர்பவர் “சரி” என்பார். ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். “சரி” விழாமல் அடுத்த வாக்கியத்துக்குப் போகக் கூடாது. டெல்ஸே வாசித்தாள். டாக்டர் ஹாரோ லோரன்சன் பின்தொடர்ந்தார். புள்ளி வைத்துவிட்டுப் பென்சிலை எடுக்கும்போது அவர் கை லேசாக இழுக்கும். அதனால் அவருடைய புள்ளிகளுக்கெல்லாம் தலைப்பிரட்டை மாதிரி ஒரு வால் இருக்கும். நான் பக்கத்து அறையில் தட்டச்சு செய்தேன். கதவைத் திறந்தேதான் வைத்திருப்போம்.

அவர்கள் வாசித்தது பதினான்காம் நூற்றாண்டு மாதிரிக் கடிதத் தொகுப்பு ஒன்று. ஆயரின் நீதிமன்றத்தில் எழுத்தர்கள் பார்த்து எழுதுவதற்காக வைத்திருந்தது. மணமுறிவு வழக்குக்கு ஒரு கடிதம். பொய்ச் சத்தியத்துக்கு ஒன்று. கல்லறை நிலத்தில் பன்றி மேய்த்தவனுக்கு ஒன்று. மாதிரி என்பதால் ஆள் பெயர் இருக்காது. பெயர் வரவேண்டிய இடத்தில் ஒற்றை எழுத்து. இன்னார் என்று அர்த்தம். இன்னார், இன்னாரின் மகன், இன்ன ஊரான்.

நாள் முழுக்க “இன்னார், இன்னார்” என்று வாசித்தால் தூக்கம் வரும். அதற்காக டெல்ஸே ஒரு பழக்கம் வைத்திருந்தாள். அந்த இடங்களில் தெரிந்தவர் பெயரைப் போட்டு வாசிப்பாள். தபால்காரர் மாடு திருடினார். எங்கள் பேராசிரியர் இரண்டு தடவை கன்னிகாஸ்திரீ ஆனார். எனக்கு மூன்று முறை கல்யாணம் ரத்தானது. எந்த நூலகத்திலும் ஒப்புநோக்குகிறவர்கள் இப்படி ஏதாவது செய்வார்கள். அதில் குற்றமில்லை என்றுதான் நினைத்திருந்தோம்.

1978 அக்டோபரில் முதல் பாகம் அச்சாகி வந்தது. டாக்டர் எழுதிய முன்னுரையின் நன்றிப் பகுதியை டெல்ஸே எனக்கு உரக்கவே வாசித்துக் காட்டினாள். பேராசிரியர், இரண்டு நூலகங்கள், அச்சகம், நான், அடுப்பு மூட்டிய காவலாளி, ஏடுகளை எலி கடிக்காமல் காத்த பூனை. பூனையின் பெயர்கூட இருந்தது. டெல்ஸேயின் பெயர் இல்லை.

“பூனைக்கு நன்றி சொல்லியிருக்காரு. பாத்தியா பொண்ணே.”

“மறந்திருப்பாரு.”

“இருபத்தோரு வருஷமா எதிர் நாற்காலியில உக்காந்திருக்கேன். அதை மறக்கணும்னா அதுக்கும் கொஞ்சம் உழைக்கணும்.”

அவள் அவரிடம் கேட்கவில்லை. மறுநாளும் வாசித்தாள்.

நவம்பர் பதினான்கு, செவ்வாய்க்கிழமை. நான்கு மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. அறுபத்தொன்றாம் ஏட்டுக்கு வந்திருந்தார்கள். பெரிய சபைநீக்கம் அந்த ஏட்டில்தான் இருந்தது. அதன் மொழிபெயர்ப்பை நான்தான் தட்டச்சு செய்தேன், அதனால் எனக்கு மனப்பாடம். இன்னாரை, இன்னாரின் மகனை, நம் கூட்டத்திலிருந்து வெட்டுகிறோம். எவரும் அவனுக்கு முகமன் கூற வேண்டாம். எவரும் அவனோடு உண்ண வேண்டாம். எவரும் அவனுக்கு ரொட்டி விற்க வேண்டாம். எவரும் அவனுக்கு நெருப்பும் நீரும் தர வேண்டாம். ஓர் ஆண்டும் ஒரு நாளும் கடந்தபின் எவரும் அவன் பெயரை எழுத வேண்டாம்.

டெல்ஸே ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு, “ஹாரோ, ப்ரோடரின் மகன்” என்று வாசித்தாள்.

நான் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றிருந்தேன். அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். சிரித்தார். “சரி” என்றார். புள்ளி வைத்தார்.

வாக்கியம் வாக்கியமாகப் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் “சரி.” கடைசியில், இந்தச் சுடர்கள் அணைவதுபோல் அவன் அணையட்டும் என்று வரும். பன்னிரண்டு குருக்கள் மெழுகுவத்தியைத் தரையில் எறிவார்கள். எங்களிடம் மெழுகுவத்தி இல்லை. டெல்ஸே கை நீட்டி அவர் மேஜை விளக்கை அணைத்தாள். கூடியிருப்பவர்கள் மூன்று முறை “ஆகட்டும்” சொல்ல வேண்டும் என்று ஏட்டில் இருந்தது. இருட்டில் டெல்ஸே ஒன்று சொன்னாள். அவரும் வேடிக்கையாக ஒன்று சொன்னார். மூன்றாவதை யாரும் சொல்லவில்லை. ஏதோ குறைவது போலிருந்தது. நான் சொன்னேன்.

விளக்கு வந்தது. “தேநீர் ஆறிடும்” என்றார் அவர். அந்தக் கடைசிப் புள்ளியையும் வைத்துவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மாடிப்படியில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஏறினோம். காவலாளி இறங்கி வந்தார்.

“மோய்ன், டெல்ஸே. மோய்ன், வீப்கே.”

டாக்டர் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தார். எங்கள் ஊரில் காலை, மாலை, சாவு வீடு எல்லாவற்றுக்கும் வணக்கமாக அந்த ஒரு “மோய்ன்”தான். பகையாளிக்கும் உண்டு. சொல்லாமல் விட எங்களுக்குத் தெரியாது.

“இவனுக்கு என் மேல கோவமா?” என்று கேட்டார்.

“கண்ணாடி போடாம வந்திருப்பாரு” என்றேன்.

அந்த வாரம் அவரைத் தாண்டி ஐம்பது மோய்ன்களாவது போயிருக்கும். யாரிடமும் வெறுப்பு இல்லை. தோளைத் தொட்டுக் காட்டினால் பதறிப்போவார்கள். “அடடா, டாக்டர் ஐயா, நீங்க நிக்கிறதைக் கவனிக்கவே இல்ல” என்று மனதாரச் சொல்வார்கள். கையை எடுத்த மறுநிமிஷம் பார்வை வேறு பக்கம் போய்விடும்.

டிசம்பரில் ஆய்வகத்தின் கீரை விருந்து, எங்கள் பக்கத்துக் குளிர்கால வழக்கம். அழைப்புப் பட்டியலை நான்தான் அடித்தேன். இரண்டு முறை சரிபார்த்தேன். அவர் வந்து என் மேஜையருகே நின்றார்.

“வீப்கே, என்னைக் கூப்பிடலையா? போன வருஷம் ரொம்பத் தின்னுட்டேனா?”

“உங்க பேர் இல்லாமலா?”

பட்டியலை எடுத்தேன். இருபத்து மூன்று பெயர். அவருடையது இல்லை. கார்பன் நகலிலும் இல்லை. கையால் எழுதிச் சேர்த்தேன். அந்த நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. விருந்தன்று அவருக்கு நாற்காலி போடவில்லை. போட்டபின் தட்டு வரவில்லை. பரிமாறியவன் அவருக்கு இடப்பக்கம் இருந்தவருக்கு வைத்தான், வலப்பக்கம் இருந்தவருக்கு வைத்தான். டெல்ஸே தன் தட்டிலிருந்து பாதிக் கீரையையும் ஒரு தொத்திறைச்சியையும் அவர் பக்கம் தள்ளினாள்.

திரும்பி வரும்போது என்னிடம் சொன்னாள். “முதல்ல முகமன். இப்போ சாப்பாடு. அடுத்தது ரொட்டி.”

“நாம லூத்தர் வழி, அம்மா. இந்தக் கத்தோலிக்கச் சாபமெல்லாம் நானூறு வருஷம் முன்னாலயே போச்சு.”

“ஏட்டுக்கு அது தெரியாது.”

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பேக்கரியில் அவருக்குப் பின்னால் நின்ற ஒன்பது பேர் ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் கடை சாத்தும் வரை நின்றார்.

பிறகு பனி வந்தது. அந்த வருஷப் பனி எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஐந்து நாள் மின்சாரம் இல்லை. ராணுவம் வந்து தெருவைத் திறந்தது. புத்தாண்டு அன்று டெல்ஸே என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் இரண்டு மண்வாரி.

“கிளம்பு பொண்ணே. நெருப்பும் நீரும் இன்னிக்கு.”

அவர் தெருவில் எல்லா வாசலும் சுத்தமாக இருந்தது. அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் பனியை வெட்டிவிட்டிருந்தார்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் பனி கதவு உயரத்துக்குச் செங்குத்தாக நின்றது. இரண்டு பக்கமும் கோடு போட்டு வெட்டியது போல். பக்கத்து வீட்டுக்காரர் தன் வாசலில் நின்று புகைத்துக்கொண்டிருந்தார்.

“இந்த வீட்டு மனுஷனை யாரும் பாக்கலையா?” என்றாள் டெல்ஸே.

“எந்த வீடு?”

அவள் மண்வாரியால் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

“அட. இங்க ஒரு கதவு இருக்கு.”

பனியை வெட்டி உள்ளே போனோம். டாக்டர் ஓவர்கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தார். அடுப்பு அணைந்திருந்தது. குழாயில் தண்ணீர் உறைந்திருந்தது. அறுபத்தொன்றாம் ஏட்டின் நிழற்படம் எதிரில் விரித்திருந்தது.

“ஒன்பதாவது வரி” என்றார். உதடு நீலமாக இருந்தது. “வரிசை தப்பாம வருது, பாருங்க. நல்ல எழுத்தர்.”

டெல்ஸே அடுப்பு மூட்டினாள். பனியை அள்ளிப் பாத்திரத்தில் போட்டு உருக்கினாள். அவர் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள். அதுவரை அவர்கள் கை குலுக்கியதோடு சரி.

“பூனைக்கு நன்றி சொன்னீங்க” என்றாள்.

“பூனைகிட்ட சொல்லலேன்னா அதுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்.”

“எனக்கும் தெரியாது.”

“அப்போ இது எனக்குத் தேவைதான்.”

“உளறாதீங்க. கட்டினது நான். நான்தான் அவிழ்க்கணும்.”

தேநீர் குடித்தபின் அவர் சட்டத்தைச் சொன்னார். நீக்கப்பட்டவனோடு பழகினால் பழகுகிறவனையும் நீக்கம் பிடிக்கும். ஆனால் ஐந்து பேருக்கு விலக்கு உண்டு. அவனுக்கு நல்லது சொல்ல வருபவர். அவன் மனைவி. அவனிடம் வேலை செய்பவர். விஷயம் அறியாதவர். வேறு வழியே இல்லாதவர்.

“நீங்க ரெண்டு பேரும் என்கிட்ட வேலை பாக்கறவங்க. அதனாலதான் உங்களுக்கு நான் தெரியறேன். மத்தவங்க மேல தப்பில்ல.”

“விஷயம் அறியாதவங்களுக்கும் விலக்குன்னு சொன்னீங்களே” என்றேன். “பேக்கரிக்காரிக்கு ஒண்ணும் தெரியாதே.”

“அதைத்தான் நாலு நாளா யோசிச்சிட்டிருக்கேன். அவங்களுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு வீப்கே. தெரியுதுன்னு அவங்களுக்கே தெரியல.”

அவிழ்க்கும் வாசகம் அடுத்த ஏட்டில் இருந்திருக்க வேண்டும். அறுபத்திரண்டு. அதை யாரோ எப்போதோ கத்தியால் அறுத்து எடுத்திருந்தார்கள். தையலோரம் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு மட்டும் மிச்சம். அதில் ஒவ்வொரு வரியின் தொடக்கமும் இருந்தது. இரண்டு எழுத்து, மூன்று எழுத்து. வேறு ஊர்த் தொகுப்புகளில் விடுவிப்பு வாசகங்கள் இருந்தன. டெல்ஸே ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வேறு ஆயருடைய சாவி இந்தப் பூட்டுக்குப் பொருந்தாது என்றார் அவர்.

பிப்ரவரியில் ஒருநாள் அந்தத் துண்டையே வாசித்தாள். முழு வரி இல்லை, வெறும் தொடக்கங்கள். கேட்கத் திக்குவாய்க்காரர் ஜெபம் செய்வது போலிருந்தது. பெயர் வருமிடத்தில் முழுப் பெயரையும் சொன்னாள். அவர் ஒவ்வொரு துண்டுக்கும் “சரி” சொன்னார். அன்று மாலை நாங்கள் மூவரும் பேக்கரிக்குப் போனோம். கடைக்காரி நிமிர்ந்து நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

“மோ” என்றாள்.

வாய் அப்படியே நின்றது. எதையோ மறந்துவிட்டவள் போல் கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தெருவில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். டெல்ஸே சிரிக்கவில்லை. “மிச்ச எழுத்து அந்த ஏட்டோட போச்சு” என்றாள்.

ஏட்டைத் தேடி எண்பது நூலகங்களுக்கு எழுதினாள். தன் பெயரில்தான். அவர் பெயரில் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வருவதில்லை. எண்பது இடத்திலிருந்தும் இல்லை என்று வந்தது.

ஜூன் முப்பதோடு ஆய்வகத்தை மூடினார்கள். இரண்டாம் பாகத்தை அவர் வீட்டில் வைத்து முடிப்பதென்று முடிவானது. எனக்கு நிலப்பதிவு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. டெல்ஸேக்கு முன்கூட்டி ஓய்வு. கடைசி நாள் மாலை நாங்கள் மூவரும் கேக் தின்றோம். அதன்பின் இரண்டு வாரம் நான் அவரை நினைக்கவில்லை. வேண்டுமென்று அல்ல. நினைப்பு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூலையில் டெல்ஸே என் அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரவில்லை. கூடையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் போட்டாள்.

“சந்தையிலிருந்து வீட்டுக்குப் போனேன். உருளைக்கிழங்குக்கு மேல இது இருந்தது.”

அவர் கையெழுத்து. *மீன் கடை முன்னால் உங்களிடம் பேசினேன். என்னைத் தாண்டிப் போனீர்கள். வருந்த வேண்டாம், வேலை முடிந்துவிட்டதல்லவா. ஹா. லோ.*

“கூடையில சீட்டைப் போட்டிருக்காரு, எனக்குக் கை தெரியல” என்றாள். “என் கூடை பொண்ணே. என் கை பக்கத்துல.”

அப்போதுதான் அவர் நினைவு எனக்கு மொத்தமாக வந்து விழுந்தது. எழுந்து அவளைப் பிடித்துக்கொண்டேன். ஓர் ஆண்டும் ஒரு நாளும் முடியும் நவம்பர் பதினைந்துக்கு நான்கு மாதம் இருந்தது.

அவள் நேராக அவர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். காலி சமையலறையில் உட்கார்ந்து, காலி நாற்காலியைப் பார்த்து உரக்கப் பேசியிருக்கிறாள். பிற்பாடு எனக்கு அப்படியே சொன்னாள்.

“விலக்குல இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, டாக்டர். மனைவி. நீக்கத்துக்கு அப்புறம் நடக்கற கல்யாணம் செல்லுமா?”

பதில் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பென்சில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டதாம். மேஜைமேல் தாள். *இரண்டு உரைகாரர்கள் செல்லும் என்கிறார்கள். ஒருவர் செல்லாது என்கிறார். அந்த ஒருவர் எதையுமே ஒப்புக்கொண்டதில்லை. நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள். நீக்கப்பட்டவனுக்கு மனைவி கிடைத்தாலும் மனைவிக்கு ஊர் கிடைக்காது.*

“ஊர் எனக்கு எப்போ கிடைச்சது” என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளின் ஓரத்தில் அவளே ஒரு புள்ளி வைத்திருக்கிறாள்.

செப்டம்பரில் பதிவாளர் முன்னால் கல்யாணம். சாட்சி நான். சாட்சி இல்லாமல் பதிவு இல்லை. வேறு வழியில்லாதவர் என்ற விலக்கு எனக்கு அன்று இருந்திருக்க வேண்டும். அவரைத் தெளிவாகப் பார்த்தேன். இளைத்திருந்தார். இடது சட்டைக்கை நுனி கிழிந்து, தைக்காமல் இருந்தது. என்னிடம், “மோய்ன் வீப்கே. மூணாவது ஆகட்டும் நல்லாச் சொன்னே. இன்னிக்கும் ஒண்ணு சொல்லு” என்றார். கோபமே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“மாப்பிள்ளை வரட்டும், அம்மா. காத்திருக்கலாம்.”

“வந்தாச்சு. உங்க மேஜையில கை வெச்சிருக்காரு.”

அவர் குனிந்து பார்த்தார். “மன்னிக்கணும், ஐயா” என்று காதுவரை சிவந்துபோனார். கேள்வியை இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் டெல்ஸேயிடமே கேட்டார். கையெழுத்துப் போட்டு வாசலுக்கு வந்ததும் டெல்ஸே டாக்டரைப் பார்த்தாள்.

“தெரியறீங்க” என்றாள்.

“இனிமே நீன்னு சொல்லலாம்.”

“அது பழகக் கொஞ்ச நாளாகும்.”

அவர்கள் படியிறங்கிப் போனார்கள். திருப்பம் வரை அவளோடு ஒருவர் போவது தெரிந்தது. திருப்பத்தில் அவள் மட்டும்தான்.

நவம்பர் பதினைந்து வியாழக்கிழமை. நான் அலுவலகத்தில் அவர்கள் தெருவின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த வீட்டுக்கு எதிரே டெல்ஸேயின் பெயர் இருந்தது. அதற்கு மேல் ஒரு வரி வெறுமையாக இருந்தது. அழித்த தடம் இல்லை. காகிதம் அங்கே எப்போதும் வெறுமையாக இருந்தது போல் இருந்தது. என்னிடமிருந்த கல்யாணச் சான்றின் நகலை எடுத்தேன். மணமகள் பெயர், சாட்சி பெயர். இடையில் ஒன்றுமில்லை. அந்த அவசரத்தில் கீரை விருந்துப் பட்டியலைத் தேடினேன். நான் கையால் எழுதிய பெயர் அதில் மட்டும் இருந்தது. அது ஆண்டு முடிவதற்கு முன்னால், விலக்கு இருந்தபோது நான் எழுதியது.

இதை எழுதும்போதும் அந்தப் பெயரை நகலில் பார்த்துத்தான் எழுதுகிறேன். முதல் படியில் பதினோரு இடத்தில் விட்டுப்போயிருந்தது.

டெல்ஸே பத்தொன்பது வருஷம் அந்த வீட்டில் வாழ்ந்தாள். பேக்கரியில் இரண்டு ரொட்டி கேட்பாள். மீன் கடையில் இரண்டு ஹெர்ரிங். ஊர் அவளுக்கு “ரெண்டு ரொட்டி டெல்ஸே” என்று பெயர் வைத்தது. ஒண்டிக்கட்டை, தனியாகப் பேசுகிறாள் என்பார்கள். அவள் காதில் விழாமலில்லை.

“ஒரு ரொட்டியை யாருக்கு வாங்கறே டெல்ஸே, ஷ்லை நீர்ல நீந்தற வாத்துக்கா?” என்று மீன்காரன் கேட்டால், “வாத்து உன்னை மாதிரி வாயாடாது” என்பாள்.

மாதம் ஒரு ஞாயிறு நான் போவேன். மூன்று கோப்பை இருக்கும். கற்கண்டின் மேல் தேநீர் விழுந்து படபடவென்று வெடிக்கும் சத்தம் மூன்று முறை கேட்கும். மூன்றாவது கோப்பை காலியாவதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கிளம்பும்போது மட்டும் அது காலியாக இருக்கும். டெல்ஸே அந்த நாற்காலிப் பக்கம் திரும்பி வாசிப்பாள். நிறுத்துவாள். தலையாட்டிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போவாள். அவள் சந்தோஷமாக இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த நிறுத்தங்களில் நான் என் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இரண்டாம் பாகம் 1981இல் வந்தது. அட்டையில் பதிப்பாசிரியர் பெயர் இல்லை. அச்சகம் மன்னிப்புக் கேட்டு எழுதியது. மறுமுறை அச்சிட்ட அட்டையிலும் இல்லை. நூலகங்கள் அதைப் பதிப்பாசிரியர் தெரியாத நூல்களோடு வைத்திருக்கின்றன. முன்னுரையில் நன்றி ஒரே வரி. *இந்நூலின் ஒவ்வோர் எழுத்தையும் எனக்குக் கேட்கச் செய்த டெல்ஸேக்கு.*

“இப்போ தெரிஞ்சுதா?” என்று கேட்டேன்.

“முன்னாடியே தெரிஞ்சுது. அடுப்பு மூட்டினேனே, அன்னிக்கே” என்றாள். பிறகு, “அந்த ஏடு கிடைச்சா இந்த நன்றியையும் திருப்பிக் கொடுத்துடுவேன்” என்றாள்.

1999 மார்ச்சில் அவளை மருத்துவமனையில் சேர்த்தார்கள். நுரையீரல். அந்தக் குரல் போய்விட்டிருந்தது. படுக்கைக்கு அருகில் இருந்த நாற்காலியை யாரும் எடுக்கக் கூடாது என்று தாதியிடம் கிசுகிசுப்பாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் குனியச் சொன்னாள்.

“நான் போயிட்டா விலக்கும் போயிடும். அப்புறம் அவரைப் பாக்க ஒரு ஆள் இல்ல.”

போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டேன்.

“நீ வீட்டு வேலைக்கு வரியா?”

“எங்க?”

“அவர்கிட்ட.”

“எனக்கு அங்க யாரும் தெரியலையே, அம்மா.”

“வேலைக்குச் சேர்ந்தா தெரிவாரு. ஆனா சம்பளம் வாங்கணும். சும்மா வந்தா சட்டத்துல செல்லாது.”

“என்ன சம்பளம்?”

“நாளுக்கு ரெண்டு கோப்பை தேநீர். பேரம் பேசாதே.”

சாவியைக் கொடுத்தாள். மூன்று நாள் கழித்து இறந்தாள். ஹோல்ம் கல்லறையில் அவள் அப்பா பக்கத்தில் இடம் இருந்தது. ஆறு பேர் தூக்கினார்கள். இடப்பக்கம் நடுவில் ஒருவன் குழிவரை வந்து, “எனக்குப் பாரமே தெரியல, வேற யாரோ சேர்ந்து பிடிச்ச மாதிரி இருந்தது” என்று தோளைத் தடவிக்கொண்டான்.

அடுத்த செவ்வாய் அந்த வீட்டுக்குப் போனேன். குளிர்ந்து கிடந்தது. யாரும் இல்லை. மேஜைமேல் ஒரு தாளை வைத்தேன். செவ்வாயும் வெள்ளியும் வந்து வீட்டைக் கூட்டித் துடைத்து அடுப்பு மூட்டுகிறேன், சம்பளம் நாளுக்கு இரண்டு கோப்பை தேநீர், வீப்கே. பக்கத்தில் ஒரு பென்சில். இரண்டு ரொட்டி. அவர் ஒப்புக்கொள்ளாமல் நான் வேலைக்காரி ஆக முடியாது. அதனால் எதையும் தொடாமல் வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தாள் அப்படியே இருந்தது. ரொட்டியும் இருந்தது, காய்ந்துபோய். புதிதாக இரண்டு வைத்தேன். மறு செவ்வாயும் அப்படியே. பென்சில் நான் வைத்த கோணத்திலேயே இருந்தது. மேஜையில் தூசி படிந்திருந்தது. போய்விட்டார் என்று நினைத்தேன். அவளுக்காக மட்டும்தான் இருந்தார் என்று நினைத்தேன். அப்படி ஒருவர் இருந்தாரா என்றுகூட ஒருமுறை நினைத்தேன். வீட்டுக்கு வந்து கீரை விருந்துப் பட்டியலை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை மழை. கதவைத் திறந்ததும் ரொட்டி இரண்டும் இல்லாதது தெரிந்தது. பென்சில் உருண்டு மேஜை விளிம்பில் நின்றது. தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். என் வாக்கியம் முடிகிற இடத்தில், ஓரத்தில், ஒரு புள்ளி இருந்தது. அதற்குச் சின்னதாக ஒரு வால் இருந்தது.

துடைப்பத்தை எடுத்தேன். கூடத்திலிருந்து தொடங்கினேன். சமையலறையில் யாரோ நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. நான் உடனே திரும்பவில்லை. வேலையை முடிக்க வேண்டும். அடுப்பை மூட்டினேன், தண்ணீர் வைத்தேன், இரண்டு கோப்பையில் கற்கண்டு போட்டேன்.

“மோய்ன், டாக்டர் ஐயா” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.